ஏழாவது வரியில் சந்தனம்

போன மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். கடைசி வாரத்தில் மனிதவளப் பிரிவிலிருந்து யோகேஸ்வரி என்ற பெண் என் மேசைக்கு வந்தாள். "அங்கிள், உங்க இருபத்தாறு வருஷ அனுபவத்த ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க லா. புதுசா வர்றவங்களுக்கு இன்ஸ்பையரிங்கா இருக்கணும்" என்றாள்.

"அப்படியெல்லாம் எழுத எனக்கு வராதும்மா. மெஷின் ஓட்டினவன் நான்."

"சரி, அப்ப இதுக்காச்சும் பதில் சொல்லுங்க" என்று கையிலிருந்த படிவத்தை நீட்டினாள். தூசு புகாத சுத்த அறைக்குள் நுழையும் முன் எல்லோரும் நிரப்பிக் கையெழுத்துப் போடும் படிவம் அது. முகப் பவுடர் பூசவில்லை, வாசனைத் திரவியம் அடிக்கவில்லை, உதட்டுச் சாயம் இல்லை, நகப்பூச்சு இல்லை என்று வரிசையாகப் போகும். ஏழாவது வரியில் விரலை வைத்தாள். தலையிலோ நெற்றியிலோ சந்தனம், விபூதி இல்லை என்று மூன்று மொழியில் இருந்தது. "வெளிநாட்டு ஆடிட்டர் இத பாத்துட்டுச் சிரிக்கிறாரு. வேற எந்த பெக்டரியிலயும் இப்படி ஒரு வரி பாத்ததில்லையாம். யாரு அங்கிள் எழுதினது?"

எழுதியது ஓர் அம்மையார். எழுத வைத்தவன் நான். அதை அவளிடம் சொல்லவில்லை. "அது பெரிய கதைம்மா" என்று நழுவிவிட்டேன். அவளுக்கு எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தில் இயந்திரங்களைப் பற்றியும், இப்போது வந்திருக்கும் கேமராக்களைப் பற்றியும்தான் இருந்தது. கொடுக்காத பக்கம் இது.

நான் பாயான் பாரு என்ற ஊர்க்காரன். பள்ளி முடித்ததும், வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருந்த தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தேன். பதினைந்து வருஷம் டிவி ரிமோட்டுக்குக் கூடு வார்த்தேன். பிளாஸ்டிக்கை உருக்கு, அச்சில் தள்ளு, ஆறவை, எடு. கோணலாக வந்தால் அரைத்துத் திரும்பவும் உருக்கு. அந்தப் பிளாஸ்டிக் எதையும் மன்னிக்கும். கம்பெனி வேறு நாட்டுக்கு மூட்டை கட்டியபோது, பக்கத்துத் தெருவில் மருத்துவ உபகரணம் செய்யும் ஒரு தொழிற்சாலை ஆள் எடுத்தது. பிளாஸ்டிக் தெரியும் என்று சொல்லிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

அங்கே ஓடிய பிளாஸ்டிக்கின் பெயர் பீக். முழுப் பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். சாதாரணப் பிளாஸ்டிக்கெல்லாம் கருகிப்போகிற சூட்டில்தான் இது உருகவே ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் குருணையை நான்கு மணி நேரம் உலர்த்த வேண்டும். அச்சையும் சூடாக வைத்திருக்க வேண்டும். வார்த்த பிறகு அடுப்பில் வைத்து, மெல்லச் சூடேற்றி, மெல்ல ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே இறுக்கம் தங்கி, என்றைக்காவது ஒருநாள் விரிசல் விடும். அந்த 'என்றைக்காவது' ஒரு மனிதனின் உடம்புக்குள் வரும் என்பதுதான் விஷயம்.

நாங்கள் செய்தது முதுகெலும்புக்கான கூண்டு. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிது. மேலும் கீழும் சின்னச் சின்னப் பற்கள், நடுவில் ஓட்டை. இரண்டு எலும்புக்கு நடுவே தேய்ந்துபோன வட்டை எடுத்துவிட்டு டாக்டர்கள் இதை வைப்பார்கள். ஓட்டைக்குள் எலும்புத் தூளை அடைத்தால் நாளடைவில் மேல் எலும்பும் கீழ் எலும்பும் அதன் வழியாகச் சேர்ந்துகொள்ளும். டைட்டானியத்தில் செய்தால் ஆகாதா என்று நானும் கேட்டிருக்கிறேன். ஆகும். ஆனால் அது எலும்பைவிட மிகவும் விறைப்பு. எக்ஸ்ரேயில் அதன் நிழல் விழுந்து, எலும்பு வளர்ந்ததா இல்லையா என்று பார்க்க விடாது. பீக் கிட்டத்தட்ட எலும்பு அளவுக்குத்தான் வளைந்து கொடுக்கும். எக்ஸ்ரே அதற்குள் புகுந்து போய்விடும். அதனாலேயே, கூண்டு எங்கே இருக்கிறது என்று டாக்டருக்குத் தெரிவதற்காக டான்டலம் என்ற உலோகத்தில் மூன்று குட்டி ஊசிகளைச் செருகுவோம். ஒரு முறை எங்களுக்கு எக்ஸ்ரே படம் காட்டினார்கள். யாரோ ஒருவருடைய முதுகில் மூன்று புள்ளிகள் மட்டும் தெரிந்தன. நம் கை வேலை அங்கே உட்கார்ந்திருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

நிறம் சொல்ல மறந்துவிட்டேன். பழுப்பும் வெள்ளையும் கலந்த நிறம். எங்கள் ஆட்கள் பார்த்த அன்றைக்கே அதற்குச் சந்தனக் கலர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

தர மேலாளர் மிஸஸ் நவரத்தினம். யாழ்ப்பாண வம்சாவளி. கெலுகோரில் வீடு. நரைத்த முடியை இறுக்கிக் கொண்டை போட்டு, சேலைக்கு மேல் வெள்ளை அங்கி அணிந்து வருவார். அவர் தமிழைக் கேட்டு எங்கள் ஆட்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். முகத்துக்கு முன்னால் யாருக்கும் சிரிப்பு வராது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. யாராவது தப்புச் செய்தால், ஒரு நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொள்வார். பேனாவை எடுத்து மேசைமேல் வைப்பார். பிறகு காத்திருப்பார். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை என்று இருக்கும்.

எனக்கு அந்த நாற்காலி முதலில் வந்தது சேர்ந்த ஐந்தாம் மாதம். அன்று அச்சின் சூடு ஏறும் முன்னே அவசரப்பட்டு இயந்திரத்தை ஓட்டிவிட்டேன். முதல் பன்னிரண்டு கூண்டுகளின் ஓரம் தேன் நிறத்தில் கண்ணாடிபோல வந்தது. உள்ளே சரியாக இறுகவில்லை என்று அர்த்தம். கழிவுத் தொட்டியில் போட்டேன். ஆனால் பதிவுத் தாளில் 'கழிவு பன்னிரண்டு' என்று எழுதியதை, லிக்விட் பேப்பர் என்ற வெள்ளை மையைத் தடவி மறைத்து, மேலே 'இரண்டு' என்று எழுதினேன். பன்னிரண்டு என்றால் கேள்வி கேட்பார்கள், இரண்டு என்றால் கேட்க மாட்டார்கள். ரிமோட் தொழிற்சாலையில் பதினைந்து வருஷம் கற்றுக்கொண்ட சாமர்த்தியம் அது.

அம்மையார் அந்தத் தாளை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"தனபால், இதுக்குக் கீழ என்ன இருந்தது?"

"பன்னெண்டு மேடம்."

"பன்னிரண்டு கழிஞ்சது பிழையில்லை. அதை எனக்குத் தெரியாமல் ஆக்கினீங்களே, அதுதான் பிழை. உங்கட பன்னிரண்டை வைச்சுத்தான் நான் மிச்சத்தை நம்பிறதோ விடுறதோ எண்டு பார்க்கோணும்."

மறுநாள் தொழிற்சாலை முழுக்க இருந்த லிக்விட் பேப்பர் குப்பிகளைப் பொறுக்கி எடுத்துக் குப்பையில் போட்டார்கள். அன்றிலிருந்து ஒரே முறைதான். தவறாக எழுதினால் அதன் மேல் ஒரு கோடு, ஒன்றே ஒன்று. கீழே இருப்பது வாசிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்து, தேதி, காரணம். கிறுக்கி அடித்தால் தாள் திரும்பி வரும். எட்டு வருஷத்தில் எனக்கு அது கையோடு ஒட்டிய பழக்கமாகிவிட்டது. லைன் லீடராகவும் ஆனேன். சுத்த அறைக்குள் போகிறவர்களை வாசலில் நிறுத்திப் பரிசோதித்து உள்ளே விடுவது என் பொறுப்பு.

இனி அந்தத் தைப்பூசம்.

அந்த வருஷம் என் மகளுக்கு டெங்கி கண்டு, ஆஸ்பத்திரியில் பிள்ளை வெளுத்துக் கிடந்தாள். பத்து வயசு. என் மனைவி செல்வி, பிள்ளை பிழைத்து வந்தால் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டாள். நேர்ந்துகொண்டது அவள், மொட்டை எனக்கு. பிள்ளை பிழைத்தாள். தைப்பூசத்தன்று பால்குடம் தூக்கித் தண்ணீர்மலைக் கோயில் படி ஏறி இறங்கினேன். சவரம் செய்தவர் வரிசையில் நின்ற கூட்டத்தைப் பார்த்து அவசரப்பட்டிருக்க வேண்டும். தலையில் மூன்று இடத்தில் வெட்டு. சந்தனம் பூசியதும்தான் உயிர் வந்தது.

மறுநாள் காலை ஷிப்ட். எரிச்சல் போகவில்லை. "கழுவாதீங்க, மூணு நாளைக்கு இருக்கட்டும்" என்று செல்வியே புதிதாகக் குழைத்துப் பூசிவிட்டாள்.

உடை மாற்றும் அறையில் குமரேசன் எனக்கு முன்னால் நின்றான். ஏஜெண்ட் மூலம் வந்த ஒப்பந்தத் தொழிலாளி. முப்பது வயது, இரண்டு பிள்ளைகள், கடலுக்கு அந்தப் பக்கம் புக்கிட் தெங்காவிலிருந்து பாலத்தைக் கடந்து தொழிற்சாலை பஸ்ஸில் வருகிறவன். அவனும் காவடி எடுத்து மொட்டை போட்டிருந்தான். தலை முழுக்கச் சந்தனம்.

"டேய், என்னடா இது? இதோட உள்ள போவியா? போய் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா."

ஓடிப்போய்க் கழுவிக்கொண்டு ஈரத் தலையோடு திரும்பி வந்தான். அப்போது நான் என் தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தேன். அவன் பார்த்துவிட்டான்.

"அண்ணே, உங்க தலையிலயும்..."

"எனக்கு வெட்டுப்பட்டு எரியுதுடா. தொப்பி இறுக்கமாத்தான் இருக்கு, ஒண்ணும் விழாது. நீ போ."

அவன் போய்விட்டான். நான் படிவத்தை நிரப்பினேன். பவுடர் இல்லை, வாசனை இல்லை, சாயம் இல்லை. கீழே 'மேற்பூச்சு எதுவும் இல்லை' என்று ஒரு வரி இருந்தது. சந்தனம் என்ன அழகுசாதனமா, சாமி பிரசாதம்தானே என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடி, அதற்கும் 'ஆம்' என்று குறித்துக் கையெழுத்திட்டேன். குமரேசனைக் கழுவ அனுப்பிய அதே ஐந்து நிமிஷத்துக்குள்.

அன்று எனக்குக் கடைசி மேசையில் வேலை. கூண்டுகள் கழுவி, உலர்த்தி, ஊசி செருகி வந்துவிடும். குமரேசன் தட்டுகளைக் கொண்டுவந்து வைப்பான். நான் குனிந்து ஒவ்வொன்றையும் எடுத்து நுண்ணோக்கிக்கு அனுப்பி, தேறி வந்ததைப் பையில் போட வேண்டும். அந்த லாட்டில், அதாவது சேர்த்து வார்த்த அந்தத் தொகுதியில், முந்நூற்று அறுபது கூண்டுகள். இதற்குப் பிறகு கழுவல் கிடையாது. கிருமி நீக்கம், பெட்டி, விமானம், ஆஸ்பத்திரி. புது மொட்டை அரிக்கும் என்பது போட்டவர்களுக்குத் தெரியும். கையுறை போட்ட கையால் தொப்பிக்கு மேலேயே இரண்டு மூன்று தரம் தேய்த்துக்கொண்டேன்.

பத்தரை மணிக்கு நுண்ணோக்கியில் இருந்த நோராய்னி கையைத் தூக்கினாள். மலாய்ப் பெண், கண் கூர்மையானவள். ஒரு கூண்டின் இரண்டு பல்லுக்கு நடுவே ஒரு துகள். நிறம் கூண்டின் நிறமேதான். வார்ப்பில் பிசிர் வந்திருக்கிறது என்று விட்டுவிடத்தான் இருந்தாளாம். எதற்கும் ஊசி முனையால் தொட்டாள். பீக் பிசிர் என்றால் வளையும். இது பொடிந்தது.

அம்மையார் வந்தார். லைன் லீடர் என்பதால் என்னையும் பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்தார். துகளைக் கண்ணாடித் துண்டில் வைத்து, இருநூறு டிகிரிக்கு முறுக்கிய சூட்டுத் தட்டில் ஏற்றினார். "பீக் எண்டால் இந்தச் சூட்டில ஒண்டும் ஆகாது" என்றார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். துகள் பழுத்தது, கறுத்தது, நூலாய் ஒரு புகை எழுந்தது. ஆல்கஹால் நெடி மட்டுமே அடிக்கிற அந்த அறையில் கோயில் வாசனை வந்தது.

"பாவ் அப்பா நி?" என்றாள் நோராய்னி. என்ன வாசனை இது என்று கேட்கிறாள்.

அம்மையார் கண்ணை மூடித் திறந்தார். "சந்தனம்" என்றார்.

நான் தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டேன்.

"அந்த லாட்டை முழுக்கப் பூட்டி வையுங்கோ. இண்டைக்கு உள்ள போன ஆக்களில மொட்டை ஆர் ஆர்?"

"நானும் குமரேசனும், மேடம்."

"ரெண்டு பேரும் பத்து நிமிசத்தில என்னட்ட வாங்கோ."

அந்தப் பத்து நிமிஷத்தில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். உடை மாற்றும் அறைக்குப் போய்த் தொப்பியைக் கழற்றினேன். உள்பக்கம் சந்தனம் செதில் செதிலாக ஒட்டியிருந்தது. யார் தலையிலிருந்து விழுந்தது என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. தொப்பியைச் சுருட்டிச் சலவைக் கூடையின் அடியில் திணித்தேன். கழிவறைக்குப் போய்ச் சோப்புப் போட்டு, வெட்டுக் காயம் திரும்ப ரத்தம் கசிகிற அளவுக்குத் தேய்த்துக் கழுவினேன்.

அம்மையார் எங்கள் இருவரையும் பரிசோதனைக் கூடத்து விளக்கின் கீழ் நிறுத்தினார். என் தலை சுத்தமாக இருந்தது. குமரேசனின் இடது காதுக்குப் பின்னால் காய்ந்த சந்தனம் ஒரு கோடாக இருந்தது. அவசரத்தில் அங்கே கை படவில்லை போலிருக்கிறது.

"தனபால், நீங்கள் உள்ள போக முதல் கழுவினனீங்களோ?"

"கழுவினேன் மேடம்."

"குமரேசன்?"

"கழுவினேன் மேடம். காதுக்குப் பின்னால விட்டுட்டேன் போல" என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

மறுநாள் கூட்டம். உற்பத்தி மேலாளருக்கு விஷயம் சீக்கிரம் முடிய வேண்டும். வாடிக்கையாளர் மூன்று வாரமாக அந்த லாட்டுக்குக் காத்திருக்கிறார். "கொன்ட்ராக்ட் ஆள்தானே, மாத்திட்டு ரிப்போர்ட்ட மூடுங்க லா" என்றார். அறிக்கை தயாராக வந்தது. 'காரணம்: ஒப்பந்தத் தொழிலாளி தலையைச் சரியாகக் கழுவவில்லை.' முதல் கையெழுத்து லைன் லீடருடையது. அம்மையார் தாளை என் பக்கம் நகர்த்தினார். மேசைக்கு அந்தப் பக்கம் குமரேசன் உட்கார்ந்திருந்தான். எனக்கு என் வேலை, என் பதவி, டெங்கியிலிருந்து எழுந்து இன்னும் தேறாத பிள்ளை எல்லாம் கண் முன்னால் வந்தன. அவனுக்கும் இரண்டு பிள்ளைகள் என்பது மட்டும் வரவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் அவன் பையோடு வெளியே வந்தபோது பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தேன். எதற்கு நடந்தேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. வழியில் ஐஸ் கோப்பி வாங்கிக் கொடுத்தேன். "ஏஜெண்ட் வேற எடம் பாத்துக் குடுப்பான்டா, கவலப்படாத" என்றேன். "சரிண்ணே" என்றான். பஸ் வந்தது. ஏறும்போது படியில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். நான் கையை ஆட்டினேன். பஸ் பாலத்துப் பக்கம் போய்விட்டது.

வீட்டில் செல்வி என் தலையைப் பார்த்ததும், "நேத்துக் கேட்டதுக்கும் பதில் இல்ல. மூணு நாள் இருக்கட்டும்னு சொன்னேன், ஏன் கழுவித் தொலைச்சீங்க?" என்றாள். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே வைத்தாள்.

"பிள்ள உசிருக்காக நேந்துக்கிட்ட மொட்டை அது. அத வச்சு இன்னொருத்தன் வயித்துல அடிச்சிட்டு வந்திருக்கீங்க. எப்படிங்க சோறு எறங்குது?"

இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, அம்மையார் வரும் முன்பே அவர் அறை வாசலில் போய் நின்றேன். கதவைத் திறந்து உள்ளே விட்டார். நின்றபடியே சொன்னேன். தொப்பி, சலவைக் கூடை, கழிவறை, ஒன்றையும் விடவில்லை. அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு, "இருங்கோ" என்றார். அறிக்கையையும் அன்றைய படிவத்தையும் கொண்டுவந்து வைத்தார். பேனாவை எடுத்து வைத்தார்.

"ஒரு கோடு போடுங்கோ. கீழ இருக்கிறது வாசிக்கக் கூடியதா இருக்கோணும்."

படிவத்தில் நான் போட்ட 'ஆம்' மேல் ஒரு கோடு போட்டேன். அறிக்கையில் என் கையெழுத்தின் மேல் ஒரு கோடு. காரணம் என்ற கட்டத்தில் 'தவறு' என்று எழுதப் போனேன்.

"தவறு எண்டு எழுதாதேங்கோ. காதுக்குப் பின்னால விட்டானே அந்தப் பெடியன், அது தவறு."

'பொய் சொன்னேன்' என்று எழுதினேன். அவர் வாசித்துவிட்டுத் தன் கையெழுத்தைப் பக்கத்தில் போட்டார்.

"என்னை அனுப்பிடுவீங்களா மேடம்?"

"அனுப்பிறது லேசு. உங்களை அனுப்பினா, அடுத்த முறை சந்தனத்தோட உள்ள போறவன் வாயைத் திறக்கமாட்டான். லீடர் வேலை இனி உங்களுக்கு இல்லை. மெசினுக்குப் போங்கோ." வாசல் வரை போனவனை நிறுத்தினார். "நானும் ஒரு பிழை விட்டனான். அவன்ர காதைப் பார்த்தன், உங்கட தலை ஏன் ரத்தம் கசியுது எண்டு கேக்கேல்ல. அதையும் எழுதுவன்." எழுதினார். அந்த அறிக்கையில் என் கையெழுத்தைப் போலவே அவர் கையெழுத்தின் மேலும் ஒரு கோடு இருக்கிறது.

லாட் தேறாது என்றார். திரும்பக் கழுவினால் போதாதா என்று உற்பத்தி மேலாளர் மன்றாடினார். "முந்நூற்று அறுபதில எத்தினைக்குள்ள இருக்குது எண்டு எனக்குத் தெரியாது. நிறம் ஒண்டுதான். கண்ணுக்குத் தெரியாததை நான் எப்படித் தேடுறது? ஒருத்தற்ற முதுகுக்குள்ள போற சாமான் இது" என்றார். அவ்வளவையும் அரைக்கும் இயந்திரத்தில் நானே போட்டேன். ஒவ்வொன்றாக எண்ணிப் போட வேண்டும், எண்ணிக்கையை எழுத வேண்டும். எல்லாமே அழகான கூண்டுகள். ஒன்று உள்ளே விழும்போது படார் என்று ஒரு சத்தம் வரும். முந்நூற்று அறுபது சத்தம். மூன்று வாரம் காத்திருந்த நோயாளிகள் இன்னும் காத்திருந்திருப்பார்கள். அவர்களில் யாரையும் எனக்குத் தெரியாது. அதுவே பெரிய பாரமாக இருந்தது.

குமரேசனைத் திரும்ப எடுக்கும்படி அம்மையார் ஏஜெண்டிடம் பேசிவிட்டார். ஆனால் அவனோ அதற்குள் புக்கிட் தெங்காவில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் சேர்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை பாலத்தைக் கடந்து அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி, "வாங்கண்ணே" என்று மைலோ கலக்கிக் கொடுத்தாள். அவளுக்கு ஏதும் தெரிந்ததாகத் தெரியவில்லை. அவன் முன்னால் உட்கார்ந்து, "நான்தான்டா. சொல்லிட்டேன். நீ வந்துரு" என்றேன். இன்னும் நிறையச் சொல்ல நினைத்துப் போயிருந்தேன். அதற்கு மேல் வரவில்லை.

"பரவால்லண்ணே. திங்கக்கெழம வரேன்" என்றான். அவ்வளவுதான்.

அடுத்த மாதம் படிவத்தில் ஏழாவது வரி வந்தது. அம்மையார்தான் எழுதினார். மூன்று மொழியிலும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். அவர் ஓய்வு பெற்று, பிறகு காலமும் ஆகிவிட்டார். வரி இருக்கிறது. அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம், ஒவ்வொரு ஷிப்டிலும் அந்த வரியில் 'ஆம்' என்று குறித்துத்தான் உள்ளே போனேன். ஒரு நாளும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்ததில்லை. இப்போது கேமராக்கள் துகளைப் பிடிக்கின்றன. ஒரே நிறமாக இருந்தாலும் அவை பிடித்துவிடுமாம். நல்லதுதான். தொப்பியைச் சலவைக் கூடையின் அடியில் திணிப்பவனை எந்தக் கேமரா பிடிக்கும் என்று யோகேஸ்வரியிடம் கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன்.

குமரேசன் நிரந்தர வேலைக்காரன் ஆனான். பிறகு என்னுடைய பழைய இடத்தில் லைன் லீடர் ஆனான். நான் அவனுக்குக் கீழே இயந்திரம் ஓட்டினேன். வாசலில் அவன்தான் என்னைப் பரிசோதித்து உள்ளே விடுவான். பதினெட்டு வருஷத்தில் அந்த விஷயத்தை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவன் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன் நான். என் மகள் பட்டம் வாங்கியபோது படம் எடுத்தவன் அவன். சில சமயம், அவன் மறந்துவிட்டான் என்றே நினைத்துக்கொள்வேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

கடைசி நாள் அவன் என்னை பாயான் பாருவில் வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போனான். நாங்கள் இரண்டு பேர் மட்டும். ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது எனக்கு என்ன தோன்றியதோ, கேட்டுவிட்டேன்.

"ஏன்டா, அன்னைக்கு நீ மேடத்துக்கிட்ட ஏன் சொல்லல? என் தலையில நீ பாத்தியே. ஒரு வார்த்த போதுமே. என்மேல பயமா?"

எந்த அன்றைக்கு என்று அவன் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"பயம் இல்லண்ணே. நீங்க சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்."

நான் வாயில் வைக்கப் போன கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டேன்.

"லேப்ல நெனச்சேன். மறுநாள் மீட்டிங்ல, பேனாவ கையில எடுத்தீங்க பாத்தீங்களா, அப்பவும் நெனச்சேன். அப்புறம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தீங்க. அப்ப நிச்சயமாச் சொல்லிருவீங்கன்னே நெனச்சேன். அதுக்குத்தான் படியில நின்னு ஒரு தரம் திரும்பிப் பாத்தேன்."

"நான்..." என்று ஆரம்பித்தேன்.

"கை காட்டினீங்கண்ணே" என்றான்.